பஞ்சவர்ணத்துக்கு வைத்த சூடு

பிப்ரவரி 3, திங்கள்

மாட்டுத் தீவனக் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் எனக்கு ஒரு டைரி கொடுப்பான். இந்த ஜில்லாவில் மூன்றே பேருக்குத்தான் அது கிடைக்கும். தீவன மூட்டை வாங்குகிற எல்லாருக்கும் கொடுக்கிறார்கள் என்று மங்கை சொல்கிறாள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும். இத்தனை வருஷமும் அதில் ஒரு வரி எழுதியதில்லை. எல்லாம் என் மண்டையிலேயே நிற்கும். ஆனால் மதுரையில் இனிமேல் நடக்கப்போவதை எழுதி வைக்க ஓர் ஆள் வேண்டாமா? அதனால் எழுதுகிறேன்.

நான் சடையாண்டி. ஒட்டன்சத்திரம் பக்கம் மாட்டுத் தரகர். படிப்பு எட்டாம் வகுப்பு. அந்த எட்டை மூன்று வருஷம் படித்தேன், ஆகவே கூட்டிப் பார்த்தால் பத்து. கலெக்டரே என்னிடம் பசுமாடு வாங்கியிருக்கிறார். வந்தது அவருடைய டிரைவர்தான். பால் குடித்தது யார்?

என் தங்கச்சி பஞ்சவர்ணத்துக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் இடது மார்பை எடுத்தார்கள். இப்போது அந்தத் தழும்பின் மேலேயே நோய் திரும்ப முளைத்திருக்கிறது. கட்டி கட்டியாக, அக்குள் வரைக்கும். நோயைவிட வலிதான் அவளைத் தின்கிறது. படுத்தால் நெஞ்சில் உலக்கையை வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கிறதாம். இரண்டு மாதமாக உட்கார்ந்தபடியே, மடியில் தலையணைகளை அடுக்கி, அதில் நெற்றியை வைத்துத் தூங்குகிறாள். வலி மாத்திரை கொடுத்தால் வாந்தி, இல்லாவிட்டால் பகல் பூரா மயக்கம். மச்சான் செத்து ஏழு வருஷம் ஆகிறது. மகள் மங்கை நூல் மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஆம்பிளை என்று நான் வந்திருக்கிறேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் ரெஜினா மங்கையையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். பஞ்சவர்ணம் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள்.

"ஐயா, அந்த எடத்துக்கு ஏற்கெனவே ஒருதடவ ரேடியேஷன் குடுத்தாச்சு. திரும்ப நெறையக் குடுக்க முடியாது. அதனால கொஞ்சமாத்தான் குடுப்போம். குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் அந்த எடத்த சூடு பண்ணுவோம். சூடுபட்ட கட்டியில ரேடியேஷன் நல்லா வேலை செய்யும். கட்டி சுருங்கும், வலி கொறையும்."

"நோயி?" என்றாள் மங்கை.

"நோய் ஈரலுக்கும் போயிருக்கும்மா. அத இது நிறுத்தாது. அவங்க நிம்மதியா படுத்துத் தூங்கணும். அதுக்குத்தான் இது."

ரேடியேஷன் என்பதை ஜனங்கள் கரண்டு வைப்பது என்கிறார்கள். ஆக, முதலில் சூடு, அப்புறம் கரண்டு. இந்தச் சூட்டு வைத்தியம் எனக்குப் புதுசு இல்லை. நொண்டுகிற காளைக்குச் சப்பையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நான் இழுத்த இழுப்புகள் எத்தனை! அதையெல்லாம் டாக்டருக்கு விவரமாக எடுத்துச் சொன்னேன். அசந்துபோய்ப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்றார். தனியாக யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

வெளியே வந்ததும் பஞ்சவர்ணம், "என்னண்ணே சொன்னாங்க?" என்றாள்.

"சூடும் கரண்டும் வச்சா வேரோட கருகிரும்ங்கிறாங்க. வைகாசியில நீ வெங்காயம் புடுங்கப் போகலாம்."

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்படியா சொன்னாங்க?"

"அட்சரம் பெசகாம."

பின்னாலேயே வந்த மங்கை, "மாமா" என்று பல்லைக் கடித்தாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் அறை பிடித்தோம். சமைத்துக்கொள்ளலாம். தாளிக்கிற வாசனை பஞ்சவர்ணத்துக்குக் குமட்டுகிறது, அதனால் நானும் மங்கையும் ரசத்தைத் தாளிக்காமலே சாப்பிட்டோம். அதுவும் ஒரு ருசிதான்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று முதல் சூடு. மெஷின் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது, எருமைக் கடா அளவு இருக்கும். (மெஷினை ஓட்டுகிற ஜெரால்டு தம்பி 'பெங்களூர்' என்றார். கப்பல் பெங்களூர் வழியாக வந்திருக்கும்.) நெஞ்சின்மேல் ஒரு தண்ணீர்ப் பையை வைத்து, அதன்மேல் சட்டிமாதிரி ஒன்றை இறக்குகிறார்கள். தோலில் அங்கங்கே சூடு பார்க்கிற ஒயர் ஒட்டியிருக்கிறது. கையில் அமுக்க ஒரு மணி.

"பெரியம்மா, எங்கயாச்சும் சுள்ளுனு சுட்டா உடனே மணிய அமுக்கணும், சரியா?" என்று ஜெரால்டு நாலு தடவை சொன்னார். நல்ல பிள்ளை. ஆனால் கூடமாட நின்று தைரியம் சொல்ல வீட்டு மனுஷன் வேண்டும் அல்லவா? அவளை உள்ளே கூட்டிப் போகும்போது காதில் சொன்னேன்: "எம்புட்டுச் சூடு தாங்குறியோ அம்புட்டு நோயி சாகும். பூக்குழி எறங்குன பொம்பள நீ."

எங்கள் ஊர்க் காளியம்மனுக்குப் பஞ்சவர்ணம் பூக்குழி இறங்கியவள். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை. மச்சான் சாகிற வரைக்கும் தப்பாமல் இறங்கினாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது கங்கு நிறைந்த குழி. ஆனால் காப்புக் கட்டின நாள்முதல் யாரும் அதை நெருப்பு என்று சொல்லக் கூடாது. பூ என்றுதான் சொல்ல வேண்டும். குழியில் கால் வைத்தவள் 'சுடுது' என்று வாயைத் திறந்தால், அவள் விரதத்தில் பழுது என்று அர்த்தம். என் தங்கச்சி ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை.

முடிந்து வெளியே வந்தபோது ஜெரால்டு சிரித்துக்கொண்டே சொன்னார்: "அருமையான பேஷண்டுங்க ஐயா. சுடுதாம்மான்னு கேக்கக் கேக்க, 'பூவா இருக்குய்யா'ங்கிறாங்க."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

இரண்டாவது சூடு. பூவாக இருந்ததாம்.

கேன்டீனில் ஆறேழு பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சூடு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினேன். மேலூர்க்காரர் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். ஊருக்கும் போன் போட்டேன். சந்தையில் என்னோடு நிற்கிற தரகன் மாயழகு எடுத்தான். அவன் பெண்டாட்டிக்கும் மார்பில் இதே நோய், பாவம். "பஞ்சவர்ணத்துக்குப் பாதிக்கு மேல போயிருச்சு மாப்ள" என்றேன். "நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டான். "நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்றேன்.

ராத்திரி பஞ்சவர்ணம் இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

ஒன்றரை.

பிப்ரவரி 13, வியாழன்

மெஷினில் ஏதோ கோளாறு.

தண்ணீர்ப் பையை எடுத்தபோது தழும்புக்குக் கீழே, ஒயர் ஒட்டாத இடத்தில், நெல்லிக்காய் அளவு கொப்புளம். சுற்றிலும் தோல் சிவந்துபோயிருந்தது. ஜெரால்டு முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் ஓடி வந்தார்.

"மேடம், நாலு நிமிஷத்துக்கு ஒருதடவ கேட்டேன் மேடம். பூவா இருக்கு, பூவா இருக்குன்னாங்க. மணிய அமுக்கவே இல்ல."

டாக்டர் பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் குனிந்தார். "அம்மா, சுட்டுச்சா இல்லையா?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஆபரேஷன் பண்ணுன எடத்துல உங்களுக்கு உணர்ச்சியே பாதிதாம்மா. அந்தப் பாதியில சுட்டதையும் நீங்க சொல்லலன்னா நாங்க எப்படிக் கொறைக்கிறது? தாங்கிக்கணும்னு யார் உங்களுக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல தாயி. நானாத்தான்."

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு புங்கமரம் இருக்கிறது. நல்ல நிழல்.

கொப்புளம் ஆறும்வரை சூடும் கிடையாது, கரண்டும் கிடையாது.

பிப்ரவரி 14, வெள்ளி

தயிர் வாங்கினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வலி முன்னைவிட அதிகம் என்று நினைக்கிறேன். பஞ்சவர்ணம் சொல்லவில்லை. தலையணையின்மேல் நெற்றியை வைத்தபடி, எதையோ எண்ணுகிறவள் மாதிரி கால் கட்டைவிரலைத் தரையில் தட்டிக்கொண்டே இருக்கிறாள். தட்டுவது நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். சீக்கிரமே மறுபடி தட்ட ஆரம்பித்துவிடுவாள்.

மங்கை மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, ஒங்களுக்கு டாக்டர் சொன்னது வெளங்கலையா, இல்ல வெளங்காத மாதிரி இருக்கீகளா?"

"தைரியம் சொன்னேன் பாப்பா. மாட்டையே விக்கும்போது 'நல்லா இருக்கு நல்லா இருக்கு'ன்னு தட்டிக்குடுத்தா அது தல நிமிந்து நடக்கும்..."

"அம்மா மாடா? நீங்க அத விக்கவா கூட்டியாந்தீக?"

"குரல ஏத்தாத, அவளுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். நோயி போகும்னுதான் மாமா அது தாங்குச்சு. அந்தக் கட்டியோட சேத்து அந்தக் கொப்புளத்தையும் இப்ப அது சொமக்குது."

மங்கைக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும், சின்ன வயசிலிருந்தே அப்படி. நான் அவளை மன்னித்துவிட்டேன். கீழே போய்ச் சந்து முனையில் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். பஞ்சவர்ணம் பேசிக்கொண்டே இருக்கும்போது பாதி வார்த்தையில் தூங்கிவிடுகிறாள். கொப்புளம் உடைந்து காய்கிறது. துணி துவைத்தேன். மங்கையின் துணியையும் சேர்த்துத் துவைத்தேன். அவள் எடுத்து மடித்துக்கொண்டாள்.

மார்ச் 3, திங்கள்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

தோல் ஆறிவிட்டது. மறுபடியும் சூடு வைக்க டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: அவள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வைத்தியத்தை நிறுத்திவிடுவார். அப்புறம் மாத்திரைதான், உட்கார்ந்த தூக்கம்தான்.

"சொல்றேன் தாயி" என்றாள் பஞ்சவர்ணம்.

"சரி, இப்பவே பாப்போம். வலி பத்துக்கு எவ்வளவு? பத்துன்னா தாங்கவே முடியாதது."

"கொஞ்சந்தான். ரெண்டு, மூணு இருக்கும்."

கால் கட்டைவிரல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. டாக்டரும் அதைத்தான் பார்த்தார். ஃபைலை மூடிவிட்டார்.

அப்போதுதான் நான், "அம்மா, ஒரு நிமிஷம்" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்தேன்.

எங்கள் தொழிலில் விலையை வாயால் பேசி முடிக்கிற வழக்கம் இல்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். விரலைப் பிடித்தால் விலை. சுற்றி நூறு பேர் நின்றாலும் அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். வாயால் சொல்வது சந்தைக்கு, துண்டுக்குள் பிடிப்பதுதான் விலை. வாயால் சொன்னதை நான் ஆயிரம் தடவை மாற்றியிருக்கிறேன். அதில் தப்பு இல்லை. துண்டுக்குள் பிடித்த விரலை ஒரு தரகன் மாற்றினால் அடுத்த வாரம் அவன் சந்தைக்குள் கால் வைக்க முடியாது. பஞ்சவர்ணத்துக்கு இது தெரியும். மாட்டுத் தரகர் வீட்டில் பிறந்தவள்.

அவள் கைமேல் துண்டைப் போட்டு என் கையை உள்ளே நீட்டினேன்.

"டாக்டர் கேட்டதுக்கு இதுல சொல்லு."

"என்னண்ணே இது, ஆஸ்பத்திரியில..." என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். விட்டாள். மறுபடி நாலு விரலைப் பிடித்தாள். விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

துண்டுக்குள் ஒரு விலை வாங்கி வெளியே ஒரு விலை சொல்லித்தான் முப்பத்தைந்து வருஷம் சோறு தின்றேன். இன்று வாங்கினதை அப்படியே சொன்னேன்.

"ஒம்போதும்மா."

துண்டை எடுத்து மூக்கைத் துடைத்தேன். அந்த அறையில் ஏசி அதிகம்.

டாக்டர் பஞ்சவர்ணத்தின் தோளைத் தொட்டார். கரண்டு வைக்கும்போது யாரும் உள்ளே இருக்கக் கூடாது, சூடு வைக்கும்போது இருக்கலாம் என்றார். ஆக, ஒரு மணி நேரமும் அவள் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், கையின்மேல் துண்டு. ஒரு விரல் என்றால் சரி. மூன்று விரல் என்றால் சுடுகிறது.

ஜெரால்டு, "சுடுதாம்மா?" என்றார்.

"இல்லய்யா, நல்லா இருக்கு."

உள்ளே மூன்று விரல்.

"கொறைங்க தம்பி" என்றேன். அவர் திருகைத் திருப்பினார். தண்ணீர்ப் பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். மூன்று விரல் ஒரு விரல் ஆனது.

மார்ச் 10, திங்கள்

ஏழு.

ஜெரால்டு என்னிடம் துண்டுப் பேச்சைக் கற்றுக்கொண்டார். கொஞ்சம் மந்தம். ஆனாலும் கற்றுக்கொண்டார்.

மார்ச் 13, வியாழன்

நாலு. நான் நம்பாமல் மறுபடி பிடிக்கச் சொன்னேன். "கைய நசுக்காதண்ணே, நாலுதான்" என்றாள்.

கட்டிகள் தட்டையாகிவிட்டன என்று டாக்டர் மங்கையிடம் சொன்னார். நான் கேன்டீனுக்குப் போகவில்லை. மேலூர்க்காரர் தேடினாராம்.

மார்ச் 16, ஞாயிறு

மத்தியானம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தேன். மங்கை வாசலிலேயே நின்று வாயில் விரலை வைத்தாள். எட்டிப் பார்த்தேன். தலையணை அடுக்கு சுவரோரம் கிடந்தது. பஞ்சவர்ணம் பாயில் படுத்திருந்தாள். மல்லாந்து இல்லை, இடது பக்கமாக, அந்தப் பக்கமாகவே, ஒருக்களித்து. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. குறட்டை.

மங்கையும் நானும் வெளியே படியில் உட்கார்ந்தோம். சாதம் வைக்க வேண்டும், குக்கர் சத்தம் போடும் என்று அவள் வைக்கவில்லை. வெயில் எங்கள் கால்வரைக்கும் வந்து, முழங்கால்வரைக்கும் ஏறிற்று. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"மாமா, கொறட்டை எம்புட்டுச் சத்தம் பாத்தீகளா?" என்றாள் மங்கை. அழுதுகொண்டே சிரித்தாள்.

எட்டு வீடு தள்ளிக் கேட்டது என்று எழுதலாம். கேட்கவில்லை. படிவரைக்கும் கேட்டது.

மார்ச் 24, திங்கள்

போன திங்களோடு சூடும் கரண்டும் முடிந்துவிட்டன. இன்று கடைசியாகக் காட்டிவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மங்கை மருந்து வாங்கப் போயிருந்தாள். பஞ்சவர்ணம் பாயில் கால் நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள், தானே தலை வாரிக் கொண்டை போட்டிருந்தாள். இடது கை அவ்வளவு உயரம் போகிறது இப்போது.

"டாக்டர் என்னண்ணே சொன்னாங்க?"

"பிரமாதம்னாங்க. இந்த மாதிரி ஒரு கேஸ இந்தியாவிலயே பாத்ததில்லயாம், போட்டோ புடிச்சு டெல்லிக்கு..."

"அண்ணே."

நிறுத்தினேன்.

"துண்டப் போடு."

"எதுக்கு? வலிக்குதா?"

"வலி இல்ல. எத்தன மாசம்னு சொன்னாங்க? வாயால சொல்லாத. ஒன் வாயி எனக்குத் தெரியும்."

நான் குடிக்கத் தண்ணீர் மொண்டேன். குடித்தேன். சொம்பைக் கவிழ்த்து வைத்தேன். அவள் தன் முந்தானையையே எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

உட்கார்ந்தேன். கையை உள்ளே விட்டு அவளுடைய ஐந்து விரலையும் பிடித்தேன். அவள் கையை இழுக்கவில்லை. சொன்ன விலைக்கு மாடு பெறாது என்று தெரிந்தவன் நிற்பானே, அந்த மாதிரி என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள். ஒரு விரலை விட்டேன். இருந்தாள். இன்னொன்றையும் விட்டேன்.

மூன்று.

அவள் தலையை அசைத்தாள். "சரி. முடிஞ்சுச்சு யாவாரம்."

"பஞ்சவர்ணம், அந்த டாக்டரும் மனுசிதான, தப்பாக்கூட..."

"மொத நாளு அந்தக் கதவு சரியாச் சாத்தலண்ணே. நோய இது நிறுத்தாதுன்னு அவுக சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

"பெறகு ஏன் தாயி அம்புட்டுச் சூட்டையும் தாங்குன?"

முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். யோசித்துத்தான் சொன்னாள்.

"நீ சொன்னது நல்லா இருந்துச்சு."

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. ஊரில் இருக்கிறோம். பஞ்சவர்ணம் வேப்பம்பூ ரசம் கேட்டாள், குடித்தாள். யார் வந்தாலும் படுத்தபடியே பேசுகிறாள். படுக்க முடிகிறவளுக்கு உட்கார என்ன அவசியம் என்கிறாள். மங்கைக்கு எந்தச் சேலை, பசுவை யாருக்குக் கொடுப்பது, எல்லாம் சொல்லிவிட்டாள். பசுவை என்னிடம் கொடுக்க வேண்டாமாம். "அண்ணன் அதுக்கும் வயசக் கொறைச்சுச் சொல்லிரும்."

இதற்கு நானும் சிரித்தேன்.

மே 11, ஞாயிறு

கண் மஞ்சளாகிவிட்டது. சோறு இறங்கவில்லை. கால் வீங்கியிருக்கிறது. வலி எவ்வளவு என்று கேட்டேன். துண்டுக்குள் ஒரு விரல்.

ஜூன் 2, திங்கள்

அதிகமாகத் தூங்குகிறாள். மாத்திரைத் தூக்கம் இல்லை, வேறு மாதிரித் தூக்கம். நானும் மங்கையும் மாறி மாறி உட்காருகிறோம். உதட்டைப் பஞ்சால் நனைக்கிறோம். இன்று கண் திறந்தபோது கையைப் பிடித்தேன். விரல் ஒன்றையும் பிடிக்கவில்லை. உள்ளங்கையை என் கையில் அப்படியே வைத்திருந்தாள். அப்படி ஒரு விலை கிடையாது.

ஜூன் 9, திங்கள்

காலையில் பஞ்சவர்ணம் போய்விட்டாள். படுத்திருந்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தலைப் பிரித்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு மாயழகு மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தான். கூட இரண்டு தரகர்கள். மாயழகு பெண்டாட்டியும் இப்போது உட்கார்ந்தேதான் தூங்குகிறாளாம்.

"மாமா, அந்தச் சூட்டு வைத்தியம் கேட்டுச்சா?" என்றான் மாயழகு.

"கேட்டுச்சு. நோயி போகல. வலி போச்சு."

"போச்சுன்னா?"

"போச்சு. படுத்துத் தூங்குனா. ஒருக்களிச்சுப் படுத்துக் கொறட்டை விட்டா. கடைசிவரைக்கும் வலி இல்ல."

மாயழகு பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"துக்க வீட்டுலயுமா மாமா?" என்றான் மாயழகு. அவன் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பதில் வந்திருக்கும்.

"நெசம்டா."

"தை மாசம் போன்ல பாதிக்கு மேல போயிருச்சுன்ன. நான் அத எம் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன். அவ அன்னைக்கு எந்திரிச்சுக் கோலம் போட்டா. இப்ப பஞ்சவர்ணத்தக் கொண்டுபோய் வச்சுட்டு வந்து, வலியில்லாமப் போனாங்கிற. இதுல எந்தப் பாதிய நான் எடுக்கட்டும்?"

சத்தியம் செய்தேன். என்னைப் பெற்றவள்மேல், காளியம்மன்மேல், தலைமேல் கை வைத்து. பல் விழுந்த மாட்டுக்கும் அவனுக்கு முன்னாலேயே இதே சத்தியங்களைத்தான் செய்திருக்கிறேன் என்பது பாதியில் ஞாபகம் வந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். மேலே சொல்ல எனக்கு வேறு மாதிரிப் பேச்சுத் தெரியவில்லை.

மாயழகு துண்டை உதறிக்கொண்டு எழுந்தான்.

மங்கை கொல்லையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

"மாமா சொல்றது நெசந்தாண்ணே. அம்மா படுத்துத் தூங்குச்சு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். நோயி போகாது, ஆசை காட்டாம அக்காகிட்டச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. ஆனா கூட்டிட்டுப் போங்க. சுட்டா சுடுதுன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

மாயழகு மறுபடி உட்கார்ந்தான். டாக்டர் பெயரைக் கேட்டான். எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டும் என்று கேட்டான். எல்லாவற்றையும் அவளிடமே கேட்டான்.

நான் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மங்கை சொன்ன பிறகுதான் அது நடந்தது என்று எனக்கே நம்பிக்கை வந்தது.